வண்ணம் தீட்டும் மீன் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக் காலங்களில் தங்கள் நாளிதழின் சிறுவர் பகுதியில், மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகள் வீட்டிலேயே செய்து பார்ப்பதற்கான செயல்பாடுகள் வெளிவருகின்றன. அவற்றுள் கடற்கரையைக் கருப்பொருளாகக் கொண்டவை அடிக்கடி இடம்பெறுகின்றன. குழந்தைகளுக்குக் கடல்மீது உள்ள ஈர்ப்பைக் கருதினால் இது பொருத்தமான தேர்வே. ஆனால் வெளிவருபவற்றை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது, மீனுக்கு வண்ணம் தீட்டுதல், காகிதத் தட்டில் நண்டு செய்தல், புள்ளிகளை இணைத்துத் திமிங்கிலம் வரைதல் என்ற மூன்றே வகைகள் மாறி மாறி வருகின்றன. மழலையர் வகுப்பில் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் இதைப் பற்றிச் சில கருத்துகளைத் தங்கள் வாசகர்களான பெற்றோருக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வண்ணம் தீட்டுவதை நான் குறை கூறவில்லை. விரல் தசைகள் வலுப்பெறுவதற்கும், ஓரிடத்தில் சற்று நேரம் அமர்ந்திருக்கும் பழக்கம் வருவதற்கும் அது உதவுகிறது. ஆயினும் மீன் படத்துக்குப் பதிலாக மாம்பழப் படத்தையோ மோட்டார் வண்டிப் படத்தையோ வைத்தாலும் குழந்தை பெறும் பயன் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியானால் கடல் அங்கே வெறும் அலங்காரமாகவே நிற்கிறது. கடலைக் கருப்பொருளாக எடுத்துக்கொள்வதற்குப் பொருள் இருக்க வேண்டுமானால், உப்பு, நீர், மணல், சிப்பி, ஆழம், அலை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று குழந்தையின் கைக்கு வர வேண்டும்; கையில் வந்தது குழந்தை எதிர்பாராத விதத்தில் நடந்துகொள்ளவும் வேண்டும். முடிவு இன்னதென்று பெரியவர்களுக்கு மட்டுமல்லாமல் குழந்தைக்கும் முன்கூட்டியே தெரிந்துவிட்ட வேலையில் கற்பதற்கு அதிகம் மிஞ்சுவதில்லை.

இது புதிய கருத்தும் அன்று. 1837ஆம் ஆண்டு ஜெர்மனியில் சிறு குழந்தைகளுக்கென ஒரு கல்விக்கூடத்தைத் தொடங்கிய பிரெட்ரிக் ஃபிரோபெல், பந்துகளையும் மரக்கட்டைகளையும்தான் முதலில் குழந்தைகளின் கையில் கொடுத்தார். 1907இல் ரோம் நகரின் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் மரியா மாண்டிசோரி தொடங்கிய குழந்தைகள் இல்லத்திலிருந்து வளர்ந்த கல்விமுறையில், ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்குச் சிந்தாமல் நீர் ஊற்றுவதே ஒரு பாடம். கடலுக்கு மிக அருகிலிருக்கும் பாடமும் அதுதான் என்பேன். கடற்கரையைக் கண்ணால் பார்த்திராத குழந்தைக்கும் ஓர் அகலமான பாத்திரமும் தண்ணீரும் கிடைத்துவிடும்.

உப்பிலிருந்து தொடங்கலாம். ஒரு லிட்டர் கடல் நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. சிறு தேக்கரண்டியால் மட்டமாக அள்ளினால் ஏறத்தாழ ஆறு கரண்டி. நான்கு வயதுக் குழந்தையால் ஆறு வரை எண்ண முடியும். எண்ணி எண்ணிப் போட்டுக் கலக்கவும் முடியும். உப்பு கண்ணுக்கு மறைந்தவுடன், 'எங்கே போயிற்று?' என்று கேட்டுவிட்டுப் பெரியவர் பேசாமல் இருக்க வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் அது தீர்ந்துவிட்டது என்றுதான் சொல்வார்கள். உடனே திருத்தத் தேவையில்லை. அந்த நீரில் இரண்டு மூன்று கரண்டியை அடர்நிறத் தட்டு ஒன்றில் பரப்பி, காற்றோட்டமான இடத்தில் சில நாள்கள் விட்டுவைத்தால், நீர் வற்றிய இடத்தில் வெள்ளைப் படிகங்கள் நிற்கும். நிழலில் மெதுவாக வற்றினால் படிகங்கள் பெரியவையாக இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் அவற்றின் சதுர முகங்களையும் பார்க்கலாம். தீர்ந்துபோனதாகத் தான் சொன்ன பொருள் திரும்பி வந்திருப்பதைக் குழந்தை தானே கண்டுகொள்ளும். இதற்கு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பதைப் பலர் குறையாகக் கருதுகிறார்கள். தினமும் காலையில் எழுந்தவுடன் தட்டைப் பார்க்க ஓடும் பழக்கமே இச்செயல்பாட்டின் பெரும் பயன் என்பது என் கருத்து.

இதே உப்பு நீரை வைத்து இன்னொன்றும் செய்யலாம். இவ்வகைச் செயல்பாடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. உணவில் சேர்க்கும் நிறத்தைக் கலந்து சில பனிக்கட்டிகளை முன்னதாகவே உறையவைத்துக்கொள்ள வேண்டும். ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஒன்றில் சாதாரண நீரும், மற்றொன்றில் உப்பு நீரும், இரண்டும் அறை வெப்பநிலையில் இருக்கும்படி எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பனிக்கட்டியை மெதுவாக மிதக்கவிட வேண்டும். எதில் விரைவாக உருகும் என்று கேட்டால், பெரியவர்களே கூட உப்பு நீரில்தான் என்று சொல்லக்கூடும். நடப்பது நேர்மாறானது. சாதாரண நீரில், உருகிவரும் குளிர்ந்த வண்ண நீர் கனமாக இருப்பதால் நூலிழைகளாகக் கீழே இறங்குகிறது. அதன் இடத்துக்கு வெதுவெதுப்பான நீர் மேலே வந்து பனிக்கட்டியைத் தொடர்ந்து உருக்குகிறது. உப்பு நீரிலோ, உருகிய நன்னீர் சுற்றியுள்ள நீரைவிட இலேசாக இருப்பதால் மேலேயே ஒரு வண்ணப் படலமாகத் தங்கி, பனிக்கட்டியைக் குளிர்ச்சியாகவே வைத்திருக்கிறது. உப்பும் குளிர்ச்சியும் நீரின் எடையை மாற்றுவதால் உண்டாகும் இத்தகைய ஏற்ற இறக்கமே பெருங்கடல்களின் ஆழத்து நீரோட்டங்களையும் இயக்குகிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கு இந்த விளக்கம் எதுவும் வேண்டாம். வண்ணம் ஒன்றில் கீழே ஓடுகிறது, மற்றொன்றில் மேலே நிற்கிறது என்று அது தன் சொற்களில் சொன்னாலே போதுமானது. விளக்கத்தை இங்கே எழுதியது பெற்றோருக்காக.

இந்த இடத்தில் பரவலாக அச்சாகும் ஒரு பிழையையும் குறிப்பிட வேண்டும். உப்பு நீரில் முட்டை மிதக்கும் சோதனையை வெளியிடும் பலர், 'கடலில் இப்படித்தான் மிதக்கிறது' என்று முடித்துவிடுகிறார்கள். கடல் நீரின் அளவுக்கு உப்புச் சேர்த்தால் புதிய முட்டை மிதக்காது, மூழ்கிவிடும். அது மிதப்பதற்கு அதைப்போல் மூன்று நான்கு மடங்கு உப்பு வேண்டும். ஏறத்தாழ பத்து மடங்கு உப்புள்ள சாக்கடலைச் சொன்னால் பொருந்தும். எல்லாக் கடலுக்கும் பொதுவாகச் சொன்னால் பொருந்தாது. ஆறு கரண்டியில் தொடங்கி, ஒவ்வொரு கரண்டியாகச் சேர்த்துக்கொண்டே எந்தக் கரண்டியில் முட்டை எழும்புகிறது என்று குழந்தையையே எண்ணவைத்தால், சோதனை சுவையாகவும் இருக்கும், உண்மையாகவும் இருக்கும்.

கடலின் ஆழத்தை வீட்டுச் சுவரில் காட்ட ஒரு நூல் போதும். 100 மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொண்டால், பசிபிக் பெருங்கடலின் மரியானா அகழியில் உள்ள மிக ஆழமான இடம், ஏறத்தாழ 10,900 மீட்டர் ஆதலால், 109 சென்டிமீட்டர் ஆகிறது. ஐந்து வயதை ஒட்டிய பல குழந்தைகளின் உயரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். நூலை அந்த நீளத்துக்கு வெட்டிச் சுவரில் தொங்கவிட்டு, குழந்தையை அதன் அருகில் நிற்கவைத்தால், தலை உச்சி கடல் மட்டமாகவும் பாதம் கடலின் அடியாகவும் ஆகிவிடும். சூரிய ஒளி ஓரளவேனும் நன்றாக எட்டும் முதல் 200 மீட்டர் என்பது இந்த அளவில் உச்சந்தலையிலிருந்து இரண்டே சென்டிமீட்டர். தலைமுடி அடங்கும் அளவு. பெருங்கடல்களின் சராசரி ஆழமான 3,700 மீட்டர் ஏறத்தாழ மார்பளவுக்குக் கீழே வரும். எவரெஸ்ட் சிகரத்தைக் கவிழ்த்து வைத்தால் 88 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். பாதத்துக்கு இன்னும் ஒரு சாண் மிச்சமிருக்கும். 1960 ஜனவரி 23 அன்று ஜாக் பிக்கார், டான் வால்ஷ் என்னும் இருவர் டிரியெஸ்ட் என்ற ஆழ்கடல் கலத்தில் அந்த அடித்தளம் வரை சென்று திரும்பினார்கள் என்று சொன்னால், குழந்தை தன் கால்விரல்களைக் குனிந்து பார்க்கும். ஒளி எட்டாத பகுதியை அடர்நீலத் தாளாலும் கருந்தாளாலும் ஒட்டிக் காட்டுவது, மீன்களையும் திமிங்கிலங்களையும் வரைந்து அவை வாழும் ஆழத்தில் பொருத்துவது என இந்த ஒரு நூலை வைத்துக்கொண்டு ஒரு வாரம் வேலை செய்யலாம். வண்ணம் தீட்டுதலும் கத்தரித்தலும் இங்கே தாமாகவே வந்து சேர்ந்துவிடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணமும் இருக்கிறது.

சிப்பிகளும் சங்குகளும் கிடைத்தால் அவற்றைக் கொண்டு பொம்மை செய்வதற்கு முன் சில நாள்களாவது குவியலாக வைத்து வகைபிரிக்க விட வேண்டும். எந்த அடிப்படையில் பிரிப்பது என்பதை நாம் சொல்லிக் கொடுக்கக் கூடாது. சில குழந்தைகள் நிறத்தால் பிரிப்பார்கள், சிலர் 'அழுக்கானவை, அழுக்கில்லாதவை' என்று பிரிப்பார்கள், அதுவும் வகைபிரித்தல்தான். பிறகு மெல்ல ஒற்றை ஓடு உள்ளவற்றையும், இரண்டு ஓடுகள் கதவுபோல் பொருந்துபவற்றையும் எடுத்துக் காட்டலாம். கூம்பிய நுனி மேலே இருக்கும்படியும் வாய் நம்மை நோக்கும்படியும் சங்கைப் பிடித்தால், வாய் பெரும்பாலும் வலப்புறமே இருக்கும்; சுருள் ஓடுள்ள இனங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை அவ்வாறே சுழல்கின்றன. இடப்புறம் திரும்பியதைத் தேடுவது குழந்தைகளுக்குப் புதையல் தேடுவதற்குச் சமம். இடம் வலம் தெரியாத வயதில் அதைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை. ஓட்டின் மேலுள்ள வரிகள், உள்ளே வாழ்ந்த உயிர் வளர வளர விளிம்பில் சுண்ணாம்புப் பொருளைச் சேர்த்துக்கொண்டே சென்றதற்கான அடையாளங்கள். கடற்கரையிலிருந்து எடுத்து வருபவர்கள், உள்ளே உயிர் ஏதும் இல்லை என்று உறுதிசெய்துகொள்வதும், துறவி நண்டுகள் குடியேறக் காலி ஓடுகள் வேண்டும் என்பதால் கைப்பிடி அளவோடு நிறுத்திக்கொள்வதும் நல்லது.

சங்கைக் காதில் வைத்தால் கேட்பது கடலின் ஓசை என்று சொல்லுவது நம் எல்லோருக்கும் வழக்கம். அது சுற்றுப்புறத்தின் ஓசையே. சங்கின் உட்குழியில் அதிர்ந்து சில சுருதிகள் மட்டும் கூடுதலாக ஒலிக்கின்றன. இதைச் சொல்லி ஒரு கற்பனையைக் கெடுக்க வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். நான் சொல்லச் சொல்லவில்லை, சோதிக்கச் சொல்கிறேன். ஒரு தேநீர்க் குவளை, ஒரு சொம்பு, ஒரு பெரிய குடம் ஆகியவற்றைக் காதருகே வைத்துக் கேட்டால் ஒவ்வொன்றிலும் ஒரு 'கடல்' கேட்கும். குவளையின் கடல் கீச்சென்றும் குடத்தின் கடல் கனத்தும் இருக்கும். நிசப்தமான அறையில் எல்லாக் கடல்களும் அடங்கிவிடும். இவ்வளவும் கேட்ட பிறகு குழந்தை என்ன முடிவுக்கு வருகிறதோ அது அதனுடையது.

மணலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உலர்ந்தது, ஈரமானது, சேறாகக் குழைந்தது என மூன்று கிண்ணங்களில் வைத்துக் கோபுரம் கட்டவிட்டால், நடுவிலுள்ளதுதான் நிற்கிறது என்பதைக் குழந்தை சில நிமிடங்களிலேயே கண்டுபிடித்துவிடும். தாளில் சுற்றிய பெரிய காந்தத்தை உலர்ந்த மணல்மீது நகர்த்தினால், சில மணல்களில் கரிய துகள்கள் ஒட்டிக்கொண்டு எழும்.

வயதைப் பற்றி ஒரு சொல். ஓதம், அதாவது கடல் நீர் கரையில் ஏறுவதும் வற்றுவதும், ஏன் என்பதை நிலவின் ஈர்ப்பு விசையோடு சேர்த்து நான்கு வயதுக் குழந்தைக்கு விளக்கும் செயல்பாடுகள் சில வெளிவருகின்றன. உயரமான குவளையிலுள்ள நீரை அகலமான கிண்ணத்தில் ஊற்றினால் நீர் குறைந்துவிட்டதாக நம்பும் வயது அது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே இதை விரிவாக ஆராய்ந்து, ஏழு வயதை ஒட்டித்தான் பெரும்பாலான குழந்தைகள் அளவு மாறவில்லை என்பதை உணர்கிறார்கள் என்று காட்டினார். நான்கு வயதுக் குழந்தைகளுக்கு ஒரு சாய்வான தட்டில் மணலைப் பரப்பி, நீரை மெல்ல ஏற்றியும் வடித்தும், நீர் எட்டிய எல்லையில் கூழாங்கற்களை அடுக்கவைப்பதே போதுமான ஓதப் பாடம். இரண்டு ஏற்றங்களுக்கு இடையே சராசரியாக 12 மணி 25 நிமிடங்கள் ஆகின்றன என்பதும், அதனால் ஏற்றம் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடங்கள் தள்ளிப்போகிறது என்பதும் கடிகாரம் பார்க்கத் தெரிந்த பெரிய குழந்தைக்கு உரியவை.

பொருள்களைத் தேர்வதில் கவனம் மிகவும் தேவை. நாளிதழ்ப் பக்கங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இதுதான். 'கடல் விளையாட்டு' என்ற பெயரில், நீரில் ஊறிப் பலமடங்கு பெருக்கும் வண்ண மணிகள் பரிந்துரைக்கப்படுகின்றன. விழுங்கினால் அவை குடலுக்குள்ளும் பெருத்து அடைப்பை உண்டாக்கக்கூடும். எக்ஸ்-ரே படத்தில் எளிதில் தென்படுவதும் இல்லை. சிறு குழந்தை உள்ள வீட்டில் அவை இருக்கவே வேண்டாம். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்கப் பயன்படும் உருளையின் விட்டம் சுமார் 3.2 சென்டிமீட்டர், அதற்குள் அடங்கும் சிப்பியோ கூழாங்கல்லோ தொண்டையை அடைக்கக்கூடியதாகவே கருதப்பட வேண்டும். உப்புக் கலந்த மாவையும் அடர்ந்த உப்பு நீரையும் குழந்தை உண்ணவோ குடிக்கவோ விடக் கூடாது. சிறிய உடலுக்கு அந்த அளவு உப்பு ஆபத்தானது. தண்ணீர்ப் பாத்திரத்தில் சில சென்டிமீட்டர் நீரே இருந்தாலும் சிறு குழந்தை அதில் மூழ்கிவிட முடியும் என்பதால், பெரியவர் எழுந்து செல்லும்போது பாத்திரம் கவிழ்க்கப்பட்டிருக்க வேண்டும். தொலைபேசி அடித்தாலும் இதில் விலக்கில்லை.

இன்னொரு முரண்பாட்டையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடலைக் காப்போம் என்ற வாசகத்தின் கீழ், பிளாஸ்டிக் மினுமினுப்புத் தூளைத் தூவி மீன் செதில் செய்யச் சொல்லுகிறார்கள். கழுவும்போது சாக்கடை வழியே நீர்நிலைகளுக்குப் போய்ச் சேரும் நுண்பிளாஸ்டிக் அது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபர் முதல் அத்தகைய தளர்வான பிளாஸ்டிக் தூளின் விற்பனையைத் தடைசெய்திருக்கிறது. வெங்காயச் சருகும் உலர்ந்த இலையும் செதிலுக்கு நன்றாகவே பொருந்துகின்றன.

பெற்றோர் பேசும் முறையையும் சற்றுக் கவனிக்கலாம். 'இது என்ன நிறம்? எத்தனை இருக்கிறது?' என்று தொடர்ந்து கேட்டால், விளையாட்டு விரைவில் தேர்வாக மாறிவிடுகிறது. 'இதைப் போட்டால் என்ன ஆகும் என்று நினைக்கிறாய்?' என்று ஒருமுறை கேட்டுவிட்டு, சொன்னது தவறாக இருந்தாலும் செய்து பார்க்க விடுவது மேல். அலை, நுரை, ஓதம், கழிமுகம், பவளம், கிளிஞ்சல் முதலிய சொற்களைக் குழந்தை கையில் பொருளை வைத்திருக்கும் நேரத்தில் இயல்பாகச் சொல்லிக்கொண்டு போனால், தனியே மனப்பாடம் செய்விக்க வேண்டியதில்லை.

தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு செயல்பாட்டுடனும் எந்த வயதுக்கு உரியது, பெரியவர் எவ்வளவு நேரம் உடனிருக்க வேண்டும், எந்தப் பொருளைத் தவிர்க்க வேண்டும் என்பதை ஓரிரு வரிகளில் அச்சிடுங்கள். அச்சுக்குப் போகும் முன் யாரேனும் ஒருவர் ஒரு குழந்தையோடு அமர்ந்து அதைச் செய்து பார்க்கட்டும். எத்தனை கரண்டி உப்பில் முட்டை மிதக்கும் என்பது போன்ற அளவுகள் அப்போது தாமாகவே சரியாகிவிடும். செய்து பார்த்த குழந்தைகள் என்ன சொன்னார்கள் என்பதைப் பெற்றோர் எழுதியனுப்பினால், அவற்றுக்கும் அதே பக்கத்தில் சிறிது இடம் ஒதுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மழலையர் வகுப்பு ஆசிரியை ஒருவர்